போக்ஸ் கம்பியில் ஒரு மலையடிவாரம்

“பூமிக்கு அடியில இருக்கிறத போக்ஸ் கம்பில காட்டப் போறியாம்மா? மேல இருக்கிற ரோட்டையே உங்க ஆளுங்க காட்ட மாட்டேங்கறாங்க.”

எங்கள் அதிகாரி இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. சுற்றி நின்றவர்கள்தான் சிரித்தார்கள். என் மேசையில் சைக்கிள் கடையில் எடைக்கு வாங்கிய பழைய சக்கரப் போக்ஸ் கம்பிகள் ஒரு கட்டாகக் கிடந்தன. பக்கத்தில் ஓட்டை போட்ட ஒரு பலகை, மூன்று பெயிண்ட் டப்பாக்கள், ஒரு நூல்கண்டு. பார்ப்பவர்களுக்கு அது பள்ளிக்கூடக் கண்காட்சிக்கான ஏற்பாடு போலத்தான் தெரிந்திருக்கும்.

அப்போது கள்ளக்குறிச்சி ஒரு தாலுக்கா ஊர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கரும்பு லாரிகள் திரும்பும் சந்தில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் நிலத்தடி நீர் அலுவலகம் இருந்தது. நான் அங்கே தற்காலிகப் பணியில் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். கல்லூரியில் நிலவியல் படித்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் “நெலத்த அளக்கற படிப்பா?” என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

அதிகாரி “உங்க ஆளுங்க” என்றதற்குக் காரணம் இருந்தது. எங்கள் சமூகத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. மறியல் என்று அறிவித்துவிட்டால் உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். பிறகு போலீஸ் வரும். அலுவலகத்தில் நான் ஒருத்திதான் அந்தச் சமூகம். ஒவ்வொரு மறியலுக்கும் என்னிடம்தான் விளக்கம் கேட்டார்கள். நான் விளக்கம் சொல்வதில்லை. வேலையைச் செய்தேன்.

வேலை இதுதான். கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களுக்குக் குடிநீர் ஆழ்துளைப் போர் போட ஒரு ரிக் வண்டி வரவிருந்தது. வந்தால் கொஞ்ச நாள்தான் இருக்கும், பிறகு வேறு தாலுக்காவுக்குப் போய்விடும். எந்தெந்த ஊரில் போட்டால் தண்ணீர் நிற்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அதுவரை ஒவ்வொரு போரையும் தனித்தனியாகத்தான் பார்த்தார்கள். இந்த ஊரில் போட்டபோது தண்ணீர் வந்தது, அந்த ஊரில் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. பூமி ஊர் எல்லை பார்த்து மாறுவதில்லை. ஒரு போருக்கும் அடுத்த போருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதனால் போக்ஸ் கம்பி. ஒவ்வொரு போருக்கும் ஒரு கம்பி. வரைபடத்தில் அந்தப் போர் எங்கே இருக்கிறதோ பலகையில் அங்கே ஓட்டை. நிலம் அங்கே எவ்வளவு உயரமோ அந்த அளவுக்குக் கம்பியை வெட்டுவேன். போர் போட்டவர்கள் எழுதிக் கொடுத்த ஆழக் கணக்கைப் பார்த்து மேலிருந்து கீழே வண்ணம் அடிப்பேன். மேல்மண்ணுக்குச் சிவப்பு. அதற்குக் கீழே மக்கிப்போன பாறைக்கு மஞ்சள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் தங்குவது பெரும்பாலும் அங்கேதான். அதற்கும் கீழே கடப்பாறைக்கு மசியாத கருங்கல்லுக்குக் கறுப்பு. எல்லாக் கம்பிகளையும் நட்ட பிறகு, மஞ்சள் முடிந்து கறுப்பு தொடங்கும் இடங்களை நூலால் இணைப்பேன். குனிந்து பலகையோடு கண்ணை வைத்துப் பார்த்தால், நூலிலேயே இன்னொரு நிலம் தெரியும். நாம் நடக்கும் நிலத்துக்கு அடியில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் பாறை நிலம்.

போர்க் கணக்கு மட்டும் போதாது என்பதால் ஓடைகளிலும் மண் சரிந்த கரைகளிலும் நடந்து, பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று குறித்துக்கொண்டு வந்தேன். மரவள்ளிக் காட்டு வரப்புகளில் சுத்தியலோடு போகும் பெண்ணை மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்குகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அந்த இடங்களையும் குட்டையான கம்பிகளாக நட்டேன்.

நூல் கட்டி முடித்த அன்று எனக்குப் பசியே எடுக்கவில்லை. கோமுகி ஆற்றுப் பக்கம் பாறை தாழ்ந்து போனது. மலைக்கு நேர் கீழே மெல்ல ஏறியது. எல்லாம் எதிர்பார்த்தபடிதான். ஓர் இடத்தில் மட்டும் நூல் திடீரென்று மேலெழும்பி, ஏறக்குறைய நிலத்தைத் தொட்டு, மறுபக்கம் இறங்கியது. யானை முதுகு போல ஒரு பாறை மேடு. அதன் மேல் இருந்த ஊர் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர்.

மேடு என்றால் மஞ்சள் மெல்லிசு. தண்ணீர் தங்க இடமில்லை. அந்த ஊருக்கு நேராக “வேண்டாம்” என்று எழுதினேன். அக்கா ஊர் என்று தெரிந்துதான் எழுதினேன். யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது என்பதில் எனக்கு ஒரு நிமிர்வுகூட இருந்தது. ரிக் வண்டி போகும் ஊர்களின் பட்டியலிலிருந்து அது எடுக்கப்பட்டது.

அடுத்த மறியல் அறிவிப்பு வந்தது. இந்த முறை மரம் வெட்டியதோடு நிற்கவில்லை, சாலைகளையே குறுக்கே வெட்டினார்கள். பஸ் நின்றது. அலுவலகத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. மறியலின் முதல் நாளே என் மாமாவை, அதாவது அக்காவின் கணவரை, போலீஸ் பிடித்துக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டு போய்விட்டதாகச் செய்தி வந்தது. வேறு ஒரு பக்கத்தில் சுட்டுவிட்டார்கள் என்றும், எத்தனை பேர் என்று தெரியவில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். அப்பா என்னிடம் வந்து நின்றார். “பொம்பள தனியா கீறா. நீ போயி பாத்துட்டு வா. உன்ன யாரும் தடுக்க மாட்டாங்க, நீ ஆபீஸ்காரி” என்றார். என் அப்பா என்னை ஒரு பெயரிட்டுப் பெருமையாகக் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

சைக்கிளில் கிளம்பினேன். கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்கள் விழுந்து கிடந்தன. வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது. முதல் இரண்டு மரங்களுக்கு மேல் சைக்கிளை நானே தூக்கிப் போட்டேன். ஊர் நெருங்கும்போது சாலை இல்லை. தாருக்குக் குறுக்கே ஆள் ஆழத்துக்குப் பள்ளம். மறுகரையில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள்.

“யாரும்மா அது? எங்க போய்க்கினு இருக்க?” என்றார் ஒருவர்.

“அக்கா வூட்டுக்கு” என்றேன். மாமாவின் பெயரைச் சொன்னேன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

“அவரு மச்சினிச்சிங்களா? கவர்மெண்டு ஆபீஸ்ல கீறாங்கன்னு சொல்லுவாரே, நீங்கதானா?”

“ஆமாங்க.”

“அப்ப உங்க ஆபீஸ் ஜீப்பு வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டி வெச்சிடறோம்.”

இரண்டு பேர் சைக்கிளை வாங்கி மறுகரைக்குக் கொண்டு போனார்கள். நான் பள்ளத்துக்குள் இறங்கி ஏற வேண்டும். இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். வெட்டிய சுவர் புதிதாக, சுத்தமாக இருந்தது. மேலே தாரும் ஜல்லியும். அதற்குக் கீழே சிவப்பு மண். அதற்குக் கீழே மஞ்சள். காலடி வரை மஞ்சள்தான். நகத்தால் கீறினேன், உதிர்ந்தது.

“இன்னாங்க பாக்கறீங்க? பொதையல் கீதா?”

“கடப்பாற எங்கயாவது நின்னுச்சாங்க? கல்லு கில்லு?”

“கல்லா? வெண்ணெ மாதிரி எறங்குச்சு. வேணும்னா இன்னும் ரெண்டாளு ஆழம் வெட்டித் தர்றோம், போலீஸ் வர்றதுக்குள்ள சொல்லுங்க.”

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பலகையில் அந்த இடம் யானை முதுகின் தொடக்கம். இடுப்பளவு ஆழத்திலேயே கறுப்பு தொட்டிருக்க வேண்டும்.

அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவள் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடங்களோடு வயல் பக்கமிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் நிற்கவில்லை, உள்ளே போய்க் குடங்களை இறக்கிவிட்டுத்தான் திரும்பினாள். எனக்கு முன்னால் பிறந்தவள். ஆடு மேய்த்தாள், களை எடுத்தாள். நான் பள்ளிக்கூடம் போன வழியில்தான் அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவாள்.

“மாமாவ பத்தி ஏதாவது தெரிஞ்சுதாக்கா?”

“கடலூராம். பாக்க வுட மாட்டாங்களாம். அவ்ளோதான் தெரியும்.” முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “ஏண்டி, உங்க ஆபீஸ்ல எங்க ஊருக்கு போர் கெடையாதுன்னு எழுதிட்டாங்களாமே. எவன் எழுதனான்?”

“நான்தான்க்கா.”

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

“நீ எழுதனா சரியாத்தான் இருக்கும். படிச்சவ.”

குத்தலாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் நம்பித்தான் சொன்னாள். அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் கஞ்சியைக் குடித்தேன்.

மறுநாள் காலையில் தண்ணீருக்கு அவளோடு போனேன். வயலில் ஒரு பழைய இறவைக் கிணறு. கைப்பிடிச் சுவரில் எங்கள் அலுவலகம் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய போர் எண் இருந்தது. அந்த எண் எனக்கு மனப்பாடம். யானை முதுகின் உச்சியில் நின்ற கம்பி அதுதான். சுற்றிலும் பார்த்தேன். போர்க்குழாயைக் காணவில்லை.

“இங்க போர் போட்டாங்களே, எங்கக்கா?”

“உள்ள கீதே. நான் இன்னாத்துக்கு எறங்கறேன்னு நெனச்ச?”

அவள் கிணற்றுப் படிகளில் இறங்கினாள். நானும் பின்னால் இறங்கினேன். கிணற்றின் அடித்தளம் வறண்டு வெடித்திருந்தது. அதன் நடுவே ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கசிந்த தண்ணீர் ஒரு குழியில் தேங்க, அக்கா அதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றினாள்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். கிணறு வற்றினால் புது இடம் தேட மாட்டார்கள். தோண்டிய பாடு வீணாகக் கூடாது என்று கிணற்றுக்குள்ளேயே கைபோர் இறக்குவார்கள். போர் போடுகிறவர்கள் துளைக்கும் ராடு எங்கே இறங்கத் தொடங்குகிறதோ அங்கிருந்து கணக்கு எழுதுவார்கள். அவர்கள் எழுதியது பொய் இல்லை. கிணற்றுத் தரையிலிருந்து கொஞ்சம் மஞ்சள், பிறகு கறுப்பு. அதை வயல் மட்டத்திலிருந்து தொடங்குவதாக எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் பதிந்தார்கள், நான் கம்பியில் அடித்தேன். ஒரு முழுக் கிணற்றின் ஆழம் நடுவில் காணாமல் போய்விட்டது. பாறை இருந்த இடத்தைவிட அத்தனை ஆழம் மேலே ஏறி நின்றது.

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். மேல் முனையை அக்காவிடம் கொடுத்து ஏறச் சொன்னேன். அவள் கைப்பிடிச் சுவரில் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி, அழுவறியா?”

“இல்லக்கா. கெட்டியா பிடி.”

கிணற்றுச் சுவர் முழுக்க மஞ்சள். அன்று மத்தியானத்துக்குள் அந்த மேட்டில் இருந்த மற்றப் போர்களையும் தேடிப் போய்ப் பார்த்தேன். சில வெளியே இருந்தன, சில கிணற்றுக்குள். மேட்டை உயர்த்திக் காட்டியவை எல்லாம் கிணற்றுக்குள் இருந்தவைதான்.

கள்ளக்குறிச்சி திரும்பினேன். சாலைகள் இன்னும் திறக்கவில்லை. ஆளில்லாத அலுவலகத்தில் அந்தக் கம்பிகளைப் பிடுங்கி, வண்ணத்தைச் சுரண்டி, கிணற்று ஆழத்தையும் சேர்த்து மறுபடி அடித்தேன். காய்ந்ததும் நட்டு, நூலை இறக்கிக் கட்டினேன். பிறகு குனிந்து பார்த்தேன்.

யானை முதுகு போய்விட்டது. அந்த இடத்தில் மலையடியிலிருந்து ஒரு வாய்க்கால் போலப் பள்ளம் இறங்கி வந்தது. முன்பு ஒட்டாமல் தனித்து நின்ற ஓடைக்கரைக் குட்டைக் கம்பிகளும் இப்போது அதன் ஓரத்தில் சரியாக வந்து உட்கார்ந்தன. சாலைப் பள்ளமும் உட்கார்ந்தது. மலையில் பெய்வது அடியில் வந்து தங்கும் இடம் அது. பள்ளம் அக்காவின் தெருவுக்குக் கீழே போகவில்லை. ஓடையைத் தாண்டி, காலனியை ஒட்டிய புறம்போக்கில்தான் மஞ்சள் மிக ஆழமாக இருந்தது.

நான் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த மறியல் நாட்களில் காலனி ஓரத்தில் வைக்கோல் போர் ஒன்று எரிந்திருந்தது. யார் என்று யாரும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை, அந்தப் பக்கத்தவர்கள் இந்தப் பக்கக் கிணற்றில் குடம் வைப்பதில்லை. அக்கா தெருவிலேயே, இரண்டாம் தரமான ஓர் இடத்தைக் காட்டியிருக்கலாம். அங்கேயும் ஓரளவு தண்ணீர் வரும், கோடையில் நின்றுவிடும். ஆனால் நூல் அங்கே இறங்கவில்லை.

மீண்டும் சைக்கிள். இந்த முறை கைப்பிடியில் வெள்ளையடித்த ஒரு மரமுளையைக் கட்டியிருந்தேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டினேன். புறம்போக்கில் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்த காலனி அம்மா ஒருவள் எங்களைப் பார்த்து எழுந்து நின்றாள். எங்கள் காரியத்தைச் சொன்னேன்.

“இங்கயா?” என்றாள். முளையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். “இங்க போட்டா எங்கள புடிக்க வுடுவீங்களா? இல்ல, கொழாய் வந்தப்புறம் இதுவும் உங்க எடம்னு சொல்லுவீங்களா?”

அக்கா தரையில் கிடந்த ஒரு கல்லை எடுத்தாள்.

“முளைய பிடிடி” என்றாள். “என் மாமியா பேசுவா. பேசட்டும். அவளுக்கும் குடிக்கத் தண்ணி வேணுமில்ல.”

நான் பிடித்தேன். அவள் அடித்தாள். அந்த அம்மா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். முளை சாய்ந்தபோது கிட்டே வந்து காலால் அண்டை கொடுத்தாள்.

சாலை திறந்ததும் அதிகாரி வந்தார். பலகையின் முன் அவரை நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றுக்குள் இருந்த போர்கள், விட்டுப்போன ஆழம், சாலைப் பள்ளத்தின் சுவர். அந்த ஊரில் என் அக்கா இருக்கிறாள் என்பதையும், மாமா ஜெயிலில் இருக்கிறார் என்பதையும் நானே சொன்னேன். பின்னாலிருந்து எங்கள் அலுவலக வரைபடக்காரர், “அக்கா வூட்டுக்குப் போயிட்டு வந்ததும் மேடு பள்ளமாயிடுச்சு சார்” என்றார். ஒருவர் சிரித்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். பலகையோடு கண்ணை வைத்து நூலைப் பார்த்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

“உங்க அக்கா வூடு எது?”

காட்டினேன்.

“பள்ளம் ஓடைக்கு அந்தப் பக்கமில்ல போவுது?”

“ஆமாங்க சார். காலனிய ஒட்டி.”

நிமிர்ந்தார். “கணக்கு சரியாத்தான் இருக்கற மாதிரி தெரியுது. ஆனா இந்த நேரத்துல அங்க போயி கைய வெச்சா பெரிய சங்கடம்மா. உங்க அக்கா ஊர் ஆளுங்க ஒத்துக்கணும். எல்லாம் அடங்கட்டும். ரெண்டு பக்கத்துப் பெரியவங்களையும் கூப்பிட்டுப் பேசி, அப்புறம் எடத்தக் குறிக்கலாம்.”

அடங்குவதற்குள் ரிக் வண்டி போய்விடும். அது அவருக்கும் தெரியும்.

“எடத்த குறிச்சாச்சு சார்” என்றேன். “முளை அடிச்சிருக்கு. எங்கக்காதான் அடிச்சா.”

அவர் என்னையே பார்த்தார். நான் ரிக் வண்டிக்காரர்களுக்கு எழுதி வைத்திருந்த வழிக்குறிப்பை, அவர் கையெழுத்துக்காக, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினேன்.